மெய்நிகர் இயந்திரங்களில் வன்பொருள் செயல்திறன் கண்காணிப்பு – வரலாறு

மெய்நிகர் இயந்திரங்களில் வன்பொருள் செயல்திறன் கண்காணிப்பு என்பது, ஒரு செயலியின் உள்ளே அமைந்துள்ள எண்ணிகளை, அச்செயலியைப் பங்கிட்டுக்கொள்ளும் மெய்நிகர் இயந்திரங்களின் உள்ளிருந்தே படித்தறியும் முறையாகும். பல குடித்தனங்கள் வாழும் வளாகத்துக்கு ஒரே மின்மீட்டர் இருந்தால் யார் எவ்வளவு செலவழித்தார் என்ற கேள்வி எழும். பொதுப் படிக்கட்டில் எரியும் விளக்குக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வியும் கூடவே வரும். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இவ்விரு கேள்விகளுக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

எண்ணிகளின் பயன்

செயலிக்குள் இருக்கும் செயல்திறன் எண்ணிகள் சிறப்புப் பதிவகங்கள் ஆகும். நிறைவேறிய கட்டளைகள், கடிகாரத் துடிப்புகள், கேஷ் நினைவகத்தில் தேடிய தரவு கிடைக்காமல் போன தடவைகள், தவறாக ஊகிக்கப்பட்ட கிளைகள் போன்ற நிகழ்வுகளை அவை எண்ணுகின்றன. எண்ணுவதைச் செயலியின் மின்சுற்றே செய்வதால், ஓடும் நிரலின் வேகம் ஏறத்தாழ குறைவதில்லை.

ஒரு செயலி 90 விழுக்காடு வேலையில் இருப்பதாக இயக்குதளம் காட்டலாம். ஆனால் அந்நேரத்தின் பெரும்பகுதி, முதன்மை நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருந்த நேரமாகவும் இருக்கலாம். நிறைவேறிய கட்டளைகளைக் கடிகாரத் துடிப்புகளால் வகுத்தால் உண்மை தெரியும். 100 கோடித் துடிப்புகளில் 200 கோடிக் கட்டளைகள் முடிந்திருந்தால் விகிதம் 2. செயலி முனைப்பாக உழைத்திருக்கிறது. அதே துடிப்புகளில் 40 கோடிக் கட்டளைகளே முடிந்திருந்தால் விகிதம் 0.4, நினைவகத்துக்காகக் காத்திருந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். இரண்டாவது நிலையில் வேகமான செயலி வாங்குவதால் பெரிய பயன் இராது. எண்ணிகள் இல்லாமல் இந்த வேறுபாட்டை அறிவது கடினம்.

எண்ணிகள் வெளிச்சத்துக்கு வந்த கதை

1980களின் கிரே எக்ஸ்-எம்பி மீகணினியிலேயே வன்பொருள் செயல்திறன் கண்காணிப்பு வசதி இருந்தது. மேசைக் கணினிக்கு அது 1993-இல் வெளியான இன்டெல் பென்டியம் செயலியுடன் வந்தது. அதில் 40 பிட் அகலமுள்ள இரண்டு எண்ணிகள் இருந்தன. ஆனால் அவற்றின் விவரங்கள் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுக்கே கிடைத்தன. நார்வே நாட்டு நிரலாளர் டெர்யே மாதிசென் அவற்றைக் கண்டறிந்து, 1994 ஜூலை மாத 'பைட்' இதழில் எழுதினார். அடுத்து 1995-இல் வந்த பென்டியம் புரோ செயலியில், எண்ணிகளைப் படிப்பதற்கென்றே 'ஆர்டிபிஎம்சி' என்ற தனிக் கட்டளை இருந்தது. லினக்ஸ் இயக்குதளத்தில் 'ஓப்ரொஃபைல்' முதலிய கருவிகள் எண்ணிகளைப் பயன்படுத்தின. 2009-இல் வெளியான 2.6.31 பதிப்பில் இங்கோ மோல்னர், தாமஸ் கிளைக்ஸ்னர் ஆகியோர் உருவாக்கிய 'பெர்ஃப்' அமைப்பு கெர்னலிலேயே இடம்பெற்றது.

மெய்நிகர் இயந்திரமும் நேரக் கணக்கும்

மெய்நிகர் இயந்திரம் எண்ணிகளைவிட முந்தியது. ஐபிஎம் நிறுவனம் 1960களில் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் செய்த ஆய்வுகளின் பயனாக, 1972-இல் விஎம்/370 இயக்குதளத்தை அறிவித்தது. ஒரே பெருங்கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணினி இருப்பது போன்ற தோற்றத்தை அது தந்தது. பயனர் நேரத்தைக் கேட்டால் அது இரண்டு எண்களைக் காட்டியது. ஒன்று அவருடைய மெய்நிகர் இயந்திரம் மட்டும் ஓடிய செயலி நேரம். மற்றொன்று அவருக்காக மேற்பார்வை நிரல் உழைத்த நேரத்தையும் சேர்த்த மொத்த நேரம். படிக்கட்டு விளக்கின் கணக்கு அன்றே தனியாகத் தெரிந்தது.

1974-இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் ஆகிய இருவரும் மெய்நிகராக்கத்துக்கான முறையான நிபந்தனைகளை வகுத்தனர். மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் நிரல், உண்மையான இயந்திரத்தில் ஓடுவது போலவே நடந்துகொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் நேர வேறுபாட்டுக்கு அவர்கள் விலக்கு அளித்தனர். செயல்திறன் எண்ணிகளோ நேரத்தையும் அதைச் சார்ந்தவற்றையுமே அளக்கின்றன. கோட்பாடு விலக்கி வைத்த இடத்தில்தான் பின்னாளில் சிக்கல் முளைத்தது.

எக்ஸ்86 வகைக் கணினிகளில் விஎம்வேர் 1999-இலும் ஸென் 2003-இலும் மெய்நிகராக்கத்தைப் பரவலாக்கின. 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் செயலியிலேயே அதற்கான வசதியைச் சேர்த்தன. ஆயினும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் எண்ணிகள் பொதுவாகக் கிடைக்கவில்லை. 'பெர்ஃப்' கருவியிடம் துடிப்புகளின் எண்ணிக்கையைக் கேட்டவருக்கு, 'ஆதரவில்லை' என்பதே விடையாகக் கிடைத்தது.

ஸெனோப்ரொஃப்

இத்தடையை உடைத்த முன்னோடி முயற்சி ஸெனோப்ரொஃப் ஆகும். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அரவிந்த் மேனன், வில்லி ஸ்வானபோல் ஆகியோர் எச்பி ஆய்வகத்தாருடன் இணைந்து 2005-இல் இதனை வெளியிட்டனர். எண்ணிகளை ஸென் மேற்பார்வை நிரல் தன் கையில் வைத்துக்கொண்டது. எண்ணி நிரம்பிக் குறுக்கீடு எழும்போது, அக்கணத்தில் ஓடிய கட்டளையின் முகவரியைக் குறித்து, உரிய மெய்நிகர் இயந்திரத்துக்கு அனுப்பியது. அந்த முகவரி எந்த நிரலின் எந்தப் பகுதி என்பதை அவ்வியந்திரமே கண்டறிந்தது.

ஸெனில் வலைப்பின்னல் செய்திப் போக்குவரத்து ஏன் மந்தமாக இருந்தது என்பதை இக்கருவி படம்பிடித்துக் காட்டியது. அடுத்த ஆண்டில் மேனனும் உடன் ஆய்வாளர்களும் ஸெனின் வலைப்பின்னல் அமைப்பைச் சீர்திருத்தினர். மெய்நிகர் இயந்திரத்திலிருந்து தரவு அனுப்பும் வேகம் 4.4 மடங்காக உயர்ந்தது. அளவிட முடிந்ததும் எங்கே திருத்த வேண்டும் என்பது தெரிந்தது.

யாருடைய எண்ணிக்கை?

ஸெனோப்ரொஃப் மேற்பார்வை நிரலின் துணையோடு முழுக் கணினியையும் பார்த்தது. ஆனால் வாடகைக்கு இயந்திரம் எடுத்தவருக்குத் தம் இயந்திரத்துக்குள் இருந்தே பார்க்கும் வழி தேவைப்பட்டது. 2011-இல் பல குழுக்கள் இதனை ஆராய்ந்தன. ஸ்வானபோல் பங்கேற்ற ஓர் ஆய்வு முதன்மையான தெரிவு ஒன்றைத் தெளிவாக்கியது. மெய்நிகர் இயந்திரத்திலிருந்து மேற்பார்வை நிரலுக்குக் கட்டுப்பாடு மாறும் ஒவ்வொரு முறையும் எண்ணிகளைச் சேமித்து மாற்றலாம். அப்போது இயந்திரத்தின் சொந்த வேலை மட்டுமே கணக்கில் வரும். அல்லது வேறொரு மெய்நிகர் இயந்திரத்துக்கு மாறும்போது மட்டும் மாற்றலாம். அப்போது மேற்பார்வை நிரல் அதற்காகச் செய்த வேலையும் அதன் கணக்கிலேயே சேரும்.

விஎம்வேர் பொறியாளர்கள் பெஞ்சமின் செரெப்ரின், டேனியல் ஹெக்ட் ஆகியோரும் அதே ஆண்டில் இதைப் பற்றி எழுதினர். அந்நிறுவனத்தின் தயாரிப்பு ஒரு கலப்பு வழியைக் கைக்கொண்டது. நிறைவேறிய கட்டளைகளும் கிளைகளும் மெய்நிகர் இயந்திரத்தின் சொந்தக் கணக்காகவே எண்ணப்படும். துடிப்பு போன்ற மற்ற நிகழ்வுகளில் மேற்பார்வை நிரலின் பங்கும் சேரும். தான் எழுதாத கட்டளைகளை நிரலாளர் தம் கணக்கில் காணக்கூடாது. ஆனால் தாம் இழந்த நேரத்தை அறிந்தாக வேண்டும் என்பது இதன் நியாயம்.

2012-இல் இரண்டு வழிகளிலும் வசதி கைக்கு வந்தது. விஎம்வேரின் விஸ்பியர் 5.1 பதிப்பில் மெய்நிகர் எண்ணிகள் சேர்ந்தன. லினக்ஸ் 3.3 பதிப்பில் கேவிஎம் வழியே அவை கிடைத்தன. கேவிஎம்மில் மெய்நிகர் இயந்திரம் கேட்கும் ஒவ்வொரு எண்ணியும், அடியில் உள்ள லினக்ஸின் 'பெர்ஃப்' அமைப்பில் ஒரு நிகழ்வாகப் பதிவாகிறது. இதனால் புரவலர் கணினியும் அதே எண்ணியைக் கேட்கும்போது போட்டி எழுகிறது. மெய்நிகர் இயந்திரத்தின் எண்ணிக்கை அப்போது குறைபடலாம்.

துல்லியம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மொஸில்லாவில் உருவான 'ஆர்ஆர்' பிழைநீக்கி நல்ல எடுத்துக்காட்டு. ஒரு நிரலின் ஓட்டத்தைப் பதிவுசெய்து அப்படியே மீண்டும் ஓட்டிக் காட்டுவதற்கு அது நிறைவேறிய கிளைகளின் எண்ணிக்கையை நம்புகிறது. ஒரே ஒரு கிளை கூடுதலாக எண்ணப்பட்டாலும் மறு ஓட்டம் தடம் புரளும்.

மேகக் கணிமையும் பாதுகாப்பும்

ஒரே கணினியில் ஒருவரையொருவர் அறியாத பலர் குடியேறியதும் எண்ணிகள் வேறோர் அச்சத்தைக் கிளப்பின. கேஷ் நினைவகம் பொதுவானது. அதன் தவறல்களை நுணுகி எண்ணுபவர், பக்கத்து இயந்திரத்தின் நடவடிக்கையை ஊகிக்க வழியுண்டு. 2015-இல் ஸென் திட்டம், மெய்நிகர் எண்ணி வசதிக்குப் பாதுகாப்பு ஆதரவு இல்லை என்று அறிவித்தது.

முழுவதும் திறப்பதற்கும் முழுவதும் மூடுவதற்கும் இடையே ஒரு வழி பின்னர் கிடைத்தது. நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், தெரிந்தெடுத்த சில நிகழ்வுகளை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியை ஸெனுக்கு எழுதினார். 2016-இல் வெளியான ஸென் 4.7 பதிப்பில் அது இடம்பெற்றது. துடிப்புகள், கட்டளைகள் ஆகியவற்றை மட்டும் திறந்துவிட்டாலே மேலே கண்ட விகிதத்தைக் கணக்கிட முடியும். 2017-இல் அமேசான் மேகச் சேவையின் சில பெரிய இயந்திர வகைகளில் எண்ணிகள் கிடைக்கத் தொடங்கியதைக் கிரெக் விளக்கி எழுதினார். முழுக் கணினியையும் ஒருவரே எடுத்துக்கொள்ளும்போது உளவறிய அண்டை வீட்டாரே இல்லை.

இன்றைய நிலை

எண்ணிகளை அமைக்கும் கட்டளைகள் பல வேளைகளில் மேற்பார்வை நிரலின் தலையீட்டை வேண்டுவதால், மெய்நிகர் இயந்திரத்துக்குள் மாதிரி எடுப்பது நேரடிக் கணினியைவிடச் செலவு கூடியது. ஓடும் இயந்திரத்தை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது, இரு செயலிகளின் எண்ணிகளும் பொருந்த வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. ஆர்ம் வகைச் செயலிகளிலும் 2016 முதல் கேவிஎம் இவ்வசதியைத் தருகிறது.

மேகக் கணினியில் அளவீடு செய்யும் மாணவர் முதலில் இரண்டு செய்திகளை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எந்தெந்த எண்ணிகள் திறந்துவிடப்பட்டுள்ளன என்பது ஒன்று. மேற்பார்வை நிரலின் உழைப்பு அவற்றில் சேர்ந்துள்ளதா என்பது மற்றொன்று. இவை தெரியாமல் இரு இயந்திரங்களின் எண்களை ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வர நேரும்.