ஒரு கையைக் காப்பாற்றிய கல்வி



போன கிழமை பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். "டீச்சர், மாதவிடாய் நாட்களில் விட்ட தொழுகையைப் பிறகு கழாச் செய்யணுமா?" என்று கேட்டாள். பல மாதமாக மனதில் இருந்த கேள்வியாம். யாரிடம் கேட்பதென்று தெரியவில்லையாம்.

இதே கேள்வியை 1300 வருடங்களுக்கும் முன்னர் முஆதா அல்அதவிய்யா என்ற பஸராப் பெண்மணி ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்டார். நோன்பைக் கழாச் செய்ய வேண்டும், தொழுகையைக் கழாச் செய்யத் தேவையில்லை என்ற பதில் கிடைத்தது. ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வெட்கப்படாமல் கேட்டதால் நமக்கு வந்து சேர்ந்த சட்டம் இது.

பெண்கள் பெண்களிடம் படிப்பது இப்படியான விடயங்களுக்கு மட்டும்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் அம்ரா பின்த் அப்துர் ரஹ்மானின் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

அம்ரா மதீனாவின் அன்சாரிக் குடும்பத்தவர். ஆயிஷா (ரழி) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்து, அவர்களிடமே கல்வி கற்றவர். ஒருமுறை மதீனாவில், இரும்பு மோதிரங்களைத் திருடிய ஒருவரின் கையை வெட்டுவதற்காக அபூபக்ர் இப்னு ஹஸ்ம் அவரைப் பிடித்து வைத்திருந்தார். இவர் அம்ராவின் சகோதரியின் மகன். செய்தி அறிந்த அம்ரா, உமையா என்ற பெண்ணை அவரிடம் அனுப்பினார். கால் தீனாரோ அதற்கு மேலோ பெறுமதி இருந்தாலன்றிக் கை வெட்டப்படாது என்று சொல்லச் சொன்னார். அது அவர் ஆயிஷா (ரழி) அவர்களிடம் கற்ற ஹதீஸ். அபூபக்ர் அந்த மனிதரை விடுதலை செய்தார். இமாம் மாலிக்கின் முவத்தாவில் இச்சம்பவம் இருக்கிறது.

பின்னர் கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஹிஜ்ரி 99–101) ஹதீஸ்களை எழுதித் திரட்டும்படி இதே அபூபக்ருக்குக் கடிதம் அனுப்பியபோது, அம்ராவின் ஹதீஸ்களையும் எழுதச் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்குள் ஒரு பெண் ஒரு சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்த இல்ம், ஓர் ஆணின் கையைக் காப்பாற்றியது.

எங்கள் ஊர்களிலும் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த மூத்தம்மாமார் இருந்தார்கள். இன்று ஆலிமாக்கள் இருக்கிறார்கள். பள்ளி நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: பெண்களுக்கான பயானில் கடைசி 15 நிமிடத்தைக் கேள்விகளுக்கு விடுங்கள். பதில் சொல்ல ஓர் ஆலிமாவை அமர்த்துங்கள்.

அந்த மாணவியைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகள் கேட்க ஆளில்லாமல் இருக்கிறார்களோ, அல்லாஹ்வே அறிந்தவன்.