தயிரைத் திருப்பிப் போட்டால் ராப்! - டி லா சோலின் முதல் ஆல்பம்

ஹிப்-ஹாப் என்றதும் பலருக்குக் கண்முன் வருவது தடித்த தங்கச் சங்கிலி, முறைக்கும் முகம், மிரட்டும் குரல். 1980களின் இறுதியில் அமெரிக்காவிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு பக்கம் பப்ளிக் எனிமி குழு அரசியல் கோபத்தை முழங்கியது. இன்னொரு பக்கம் என்.டபிள்யூ.ஏ. குழு கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரத் தெருக்களின் வன்முறையைப் பாடியது. அந்த நேரத்தில், 1989ல், பளீரென்ற மஞ்சள் அட்டையில் பூக்களோடு ஒரு ஆல்பம் வந்தது. பெயர் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்'. குழுவின் பெயர் டி லா சோல்.

யார் இவர்கள்?

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் அமிட்டிவில் என்று ஒரு ஊர். அங்கே ஒன்றாகப் பள்ளியில் படித்த மூன்று பேர்: கெல்வின் மெர்சர், டேவிட் ஜோலிகோர், வின்சென்ட் மேசன். ஆல்பம் வந்தபோது மூவருக்கும் இருபதைத் தொட்டும் தொடாத வயது. தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலும் அதே ஊர்க்காரர், வயதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டெட்சசானிக் என்ற குழுவில் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தவர் அவர்.

விளையாட்டு, பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. டேவிட் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ட்ருகாய். தயிருக்கான 'யோகர்ட்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கினால் வருவது அது! கெல்வினின் 'பாஸ்ட்நூஸ்' என்ற பெயரும் இப்படித் திருப்பிப் போட்டதுதான். ஆல்பத்தின் தலைப்போ, நாட்டுப்புறப் பாடகர் ஜானி கேஷ் வெள்ளத்தைப் பற்றிப் பாடிய ஒரு பாட்டின் தலைப்பைச் சற்று மாற்றியது. அதில் ஐந்து அடி, இதில் மூன்று அடி.

வீட்டு அலமாரியே இசைக்கருவி

சாம்ப்ளிங் என்பது பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் புதிய பாட்டைக் கட்டுவது. அன்றைய சாம்ப்ளர் இயந்திரங்களில் சில நொடி ஒலியைத்தான் சேமிக்க முடியும். ராப் பாடகர்களில் பலர் ஜேம்ஸ் பிரவுன் போன்றவர்களின் தாளத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். இவர்கள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எடுத்தார்கள். 'மீ மைசெல்ஃப் அண்ட் ஐ' பாட்டில் ஃபங்கடெலிக். 'ஐ நோ' பாட்டில் ஸ்டீலி டான், கூடவே ஓடிஸ் ரெடிங்கின் சீழ்க்கை. 'தி மேஜிக் நம்பர்' பாட்டுக்கு, குழந்தைகளுக்குப் பெருக்கல் கற்றுத்தந்த ஒரு தொலைக்காட்சிப் பாட்டு!

பாட்டுகளுக்கு நடுநடுவே ஒரு அசட்டு வினாடி வினா நிகழ்ச்சியும் ஓடுகிறது. பிற்காலத்து ஹிப்-ஹாப் ஆல்பங்களில் இப்படிக் குட்டி நாடகங்கள் வருவது வழக்கமாகிப் போனதற்கு இதுவே முன்னோடி என்பார்கள்.

விளையாட்டு என்றால் வெறும் சிரிப்பு மட்டுமல்ல. 'சே நோ கோ' போதைப்பொருளைப் பற்றியது, 'கெட்டோ தாங்' வறுமையைப் பற்றியது. 'மீ மைசெல்ஃப் அண்ட் ஐ' படக்காட்சியில் இவர்கள் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். சங்கிலி போடவில்லை, முறைக்கவில்லை என்று வகுப்பே கிண்டல் செய்யும். இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்துக்கு இவர்கள் தந்த பதில் அந்தப் பாட்டு. அது 1989ல் பில்போர்டின் கறுப்பினத்தவர் இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

ஆனால் வெற்றி இன்னொரு முத்திரையைக் குத்தியது. இவர்கள் 'ஹிப்பிகள்', பூப் பையன்கள் என்றார்கள். எரிச்சலான குழு 1991ல் தன் அடுத்த ஆல்பத்துக்கு 'டி லா சோல் இஸ் டெட்' என்றே பெயர் வைத்தது. அட்டையில் உடைந்து கிடக்கும் பூந்தொட்டி!

ஒரு நிமிடப் பாட்டு, வருடக்கணக்கில் வினை

முதல் ஆல்பத்தில் 'டிரான்ஸ்மிட்டிங் லைவ் ஃப்ரம் மார்ஸ்' என்று ஒரு சின்ன உருப்படி உண்டு. பிரெஞ்சு மொழி கற்றுத்தரும் இசைத்தட்டின் குரலை, 60களின் 'டர்டில்ஸ்' குழுவின் பாட்டோடு ஒட்டியது. நீளம் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதற்கு அனுமதி வாங்கியிருக்கவில்லை. டர்டில்ஸ் குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே பணத்தில் முடிந்தது. 1991ல் வேறொரு வழக்கில் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராகத் தீர்ப்பும் வந்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, ஒவ்வொன்றுக்கும் காசு என்றாகிவிட்டது. இத்தனை துண்டுகளை இவ்வளவு தாராளமாக ஒட்டி ஒரு ஆல்பம் செய்வது அதன்பிறகு பெரும் செலவு பிடிக்கும் வேலை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய அனுமதிகள் இசைத்தட்டு, கேசட் காலத்தில் எழுதப்பட்டவை. இணையத்துக்கு அவை செல்லுமா? இந்தக் கேள்வியிலேயே வருடங்கள் ஓடின. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2010ம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்துக் கௌரவித்தது. ஆனால் ஸ்ட்ரீமிங் தளங்களில் தேடினால் கிடைக்காது! 2014ம் ஆண்டு காதலர் தினத்தன்று குழுவே தன் ஆல்பங்களை 25 மணி நேரத்துக்கு இலவசமாகத் தரவிறக்க விட்டது. 2021ல் ரெசர்வாயர் நிறுவனம் டாமி பாய் நிறுவனத்தை வாங்கியபின்தான் கதவு திறந்தது. அனுமதிகளை மறுபடி வாங்கி, 2023 மார்ச் 3 அன்று ஆல்பம் எல்லாத் தளங்களிலும் வந்தது.

அதைப் பார்க்க ட்ருகாய் இல்லை. 19 நாட்களுக்கு முன், பிப்ரவரி 12 அன்று, 54 வயதில் இறந்துபோனார்.

அது ஏன் இன்னும் புதிதாக இருக்கிறது?

காலத்தின் நாகரிகத்தைப் பின்பற்றிய இசை அந்த நாகரிகத்தோடு பழசாகிவிடும். இந்த ஆல்பம் எந்த நாகரிகத்தையும் பின்பற்றவில்லை. நான்கு இளைஞர்கள் ஒரு அறையில் ஒருவரையொருவர் சிரிக்கவைத்த சத்தம் அது. சட்டம் நெருக்காத அந்தக் குறுகிய காலத்தில், மாட்டிக்கொள்வோமே என்ற பயமில்லாமல் விளையாடியிருக்கிறார்கள். பிறகு வந்தவர்களுக்குத் திறமை இருந்தது, அந்தச் சலுகை இல்லை.

கேட்பதென்றால் ஒரு பாட்டை மட்டும் பொறுக்காமல், வினாடி வினாவிலிருந்து கடைசி வரை வரிசையாகக் கேளுங்கள். அதுதான் சரியான வழி.