துறைமுகத்து நாரியும் தூரதேசத்து மைதானமும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் ஆழத்தையும், அதனை ஒருவரிடமிருந்து மற்றொருவர் பறித்துக்கொண்ட சரித்திரத்தையும், 1782ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் கோட்டையைக் கைப்பற்றியதையும், 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனை வசப்படுத்தியதையும் விஸ்தாரமாகச் சொல்லி, கோணேசர் மலையில் ஒரு கும்பிடு போட்டு முடித்துவிடுவார்கள். கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றிய தேகங்களையும், மூட்டை இறக்கிய முதுகுகளையும், உப்புவெளிக் கரையில் அம்பாப் பாட்டுக்கு இசைந்து கரைவலை இழுத்த தோள்களையும், அத்தேகங்கள் பிசகியபோது அவற்றைச் செப்பனிட்ட கைகளையும் பற்றி எழுதியவர் சிலரே. எனக்கோ அந்தக் கைகளின் கதையே துறைமுகத்தின் கதையாகத் தோன்றுகிறது.

இந்தத் துறைமுகத்தில் இரும்புக்கே முதுகு முறிந்திருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கே நிறுத்தப்பட்டிருந்த கடற்படையின் மிதக்கும் கப்பல்தளமொன்று, 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, 30,000 தொன்னுக்கு மேற்பட்ட 'வேலியண்ட்' என்ற போர்க்கப்பலைத் தூக்க முயன்ற வேளையில் பாரம் ஒரு சீராக நில்லாமற்போக, நடுவே முறிந்து நீரில் அமிழ்ந்தது. இரும்பின் கதி இதுவாயின், நாளெல்லாம் மூட்டை சுமந்த நாட்டாமையின் நாரி என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. கடற்படைக்காரருக்கு ஆஸ்பத்திரியும் டாக்குத்தரும் இருக்க, வலைக்காரனும் நாட்டாமையும் வண்டிக்காரனும் நாடிச் சென்றது முறிவு நெரிவு வைத்தியரின் விறாந்தையை.

அத்தகைய விறாந்தை ஒன்றை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் கிழமை, நீளம் பாய்தலில் மணற்குழியின் ஓரக்கல்லில் கால் பட்டுக் கணுக்கால் உளுக்கிவிட, மாமா என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போனார். எங்களுக்கு முன்னே ஒரு நாட்டாமை, நாரிப்பிடிப்பினால் நிமிரவும் குனியவும் மாட்டாதவராய்த் தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வைத்தியர் அவரைக் குப்புறக் கிடத்தி, முதுகந்தண்டின் ஒவ்வொரு கணுவாக இரு பெருவிரல்களாலும் எண்ணுவதுபோலத் தடவிக்கொண்டே இறங்கி, ஓரிடத்தில் நின்று, மறுபடியும் அந்த இடத்திற்கே வந்ததை நான் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் முறை வந்தது. நல்லெண்ணெய் பூசிய கையினால் கணுக்காலை நீவிக்கொண்டே, "தம்பி, எத்தினை அடி பாய்ஞ்சனீ?" என்று கேட்டார். பெருமை பொங்க விடை சொல்ல நான் வாயெடுத்த கணத்தில் ஓர் இழுப்பு. சொல்ல வந்த எண் அலறலாக வெளிவந்தது. உளுத்தம் மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் புக்கை வைத்துத் துணி சுற்றி முடித்தபின், அவர் செய்த ஒரு சிறு காரியந்தான் இன்றுவரை என் நினைவில் நிற்கிறது: என் பெருவிரல் நகத்தை அழுத்தி வெளுக்கச் செய்து, விட்டுவிட்டு, இரத்தம் திரும்பி நகம் சிவக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கட்டு இறுகிவிட்டால் இரத்தவோட்டம் தடைப்பட்டு அங்கமே அழுகிப்போகும். அவ்வாறு விரலையும் காலையும் இழந்தவர்கள் உண்டு. நகத்தை அழுத்திப் பார்க்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையிலுள்ள தூரம், வைத்தியனுக்கும் வேஷதாரிக்கும் உள்ள தூரம் என்பதே என் அபிப்பிராயம்.

இந்த வித்தை ஏட்டில் முழுவதும் அடங்கியதன்று. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் ஈழத்துத் தமிழ் வைத்தியத்தின் பெருநூல்களாகப் போற்றப்பட்டாலும், உளுக்கெடுக்கும் பெருவிரலின் பயிற்சி தகப்பனிடமிருந்து மகனுக்குக் கையோடு கையாகவே வந்தது. கொழும்பில் 1929ஆம் ஆண்டு சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டபோது சித்த வைத்தியத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் பரம்பரை வைத்தியர்களைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகிவிட்டது. விறாந்தையில் கற்றது விரிவுரை மண்டபத்தில் எவ்வளவு தங்கும் என்பது வேறு கேள்வி.

இனி, இவ்வித்தையை ஒத்த ஒன்று பிறந்த கதையாக, சமுத்திரங்களுக்கு அப்பால் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டவன்போர்ட் நகரில், முன்னர் பலசரக்குக் கடை நடத்திப் பின்னர் காந்த வைத்தியராக மாறிய டானியல் டேவிட் பாமர் என்பவர், 1895 செப்டெம்பரில், தம் அலுவலகம் இருந்த கட்டடத்தைக் கூட்டித் துப்புரவாக்கிவந்த ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத் தொழிலாளியின் முதுகைப் பரிசோதித்தார். பல வருடங்களுக்கு முன் குனிந்து வேலை செய்கையில் முதுகில் ஏதோ பிசகிய உணர்ச்சி ஏற்பட்டதென்றும், அதன்பின் காது கேளாமற்போனதென்றும் லில்லார்ட் சொல்ல, பாமர் முதுகெலும்பின் ஒரு கணுவை அழுத்திச் சரிசெய்தார். செவிப்புலன் மீண்டது என்று அறிவித்தார். கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள்படும் கைரோபிராக்டிக் என்ற பெயரை அவர் சூட்டியது அதன் பின்னரே. நம் பாஷையில் கைவைத்தியம் என்றால் வீட்டு அஞ்சறைப்பெட்டி வைத்தியம். சொல்லளவில் பார்த்தால் அப்பெயர் பாமரின் வித்தைக்கே அதிகம் பொருந்தும். ஏறத்தாழச் சகல நோய்களும் முதுகெலும்பின் பிசகினால் விளைபவை என்ற அவருடைய சித்தாந்தத்தை விஞ்ஞானம் ஏற்கவில்லை. நம்மவர் சகல வலிகளையும் வாயுவின் தலையில் சுமத்தியதையும் அது ஏற்கவில்லை. ஆயினும் நாரிவலிக்கு அழுத்திச் சரிசெய்யும் முறை ஓரளவு சுகம் தருகிறது என்பதை ஆராய்ச்சியாளர் மறுப்பதில்லை. உரிமமின்றி வைத்தியம் செய்தார் என்று 1906இல் பாமர் சிறை சென்றார்.

ஆக, அங்கும் இங்கும் இவ்வித்தையின் பாடசாலை தொழிலாளியின் முதுகுதான். விளையாட்டு வீரன் பின்னால் வந்தவன். ஆதியிலும் வீரர்களின் உடம்பு வைத்தியனுக்குக் கல்விக்கூடமாக இருந்ததுண்டு. உரோமர் காலத்தில் காலென் என்ற பேரறிஞர் பெர்காமம் நகரத்து வாட்போர் வீரர்களுக்கு வைத்தியராக இருந்து காயங்களின் வழியே அங்கசாஸ்திரம் பயின்றார். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசானும் அவ்வாறே; அடிமுறை கற்பிப்பவரும் அடிபட்டதை ஆற்றுபவரும் அவர் ஒருவராகவே இருந்தார். ஆனால் சர்வதேசப் போட்டிக் களத்தில் கைரோபிராக்டிக் வைத்தியர் நுழைவதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்குக்கு லெரோய் பெரி என்ற அமெரிக்கர் சென்றது சின்னஞ்சிறு அன்ரிகுவாத் தீவின் அணியோடு. அதே ஆண்டில்தான் அமெரிக்க வைத்திய சங்கம் தங்களைத் தீண்டத்தகாதவராக ஒதுக்குகிறதென்று அத்தொழிலினர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 1980இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோர்ஜ் குட்ஹார்ட் என்ற கைரோபிராக்டிக் வைத்தியர் அமெரிக்க அணியின் உத்தியோகபூர்வ வைத்தியக் குழுவில் இடம்பெற்றார். மேற்சொன்ன வழக்கில் 1987இல் அத்தொழிலினருக்குச் சார்பான தீர்ப்புக் கிடைத்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், வீரர் கிராமத்து மருத்துவமனையிலேயே அவர்களுடைய மேசை போடப்பட்டது.

அந்த மேசையருகில் நடப்பது என்ன? ஓட்டப்போட்டியின் தகுதிகாண் சுற்றுக்கும் அரையிறுதிக்கும் இடையிலுள்ள சொற்ப நேரத்தில், பாஷை தெரியாத ஒரு வீராங்கனை வந்து இடுப்பைத் தொட்டுக் காட்டுகிறாள். வைத்தியன் பெருவிரலால் கணுக்கணுவாகத் தேடுகிறான். பேச்சு வேண்டியதில்லை. ஊக்கமருந்துச் சட்டம் கடுமையான காலத்தில் கைக்கு இன்னொரு மதிப்பும் கூடிவிட்டது: உள்ளே கொடுக்கும் லேகியத்தில் என்ன கலந்திருக்கிறதென்று ஆய்வுகூடம் சந்தேகிக்கலாம், அழுத்திய விரல் சிறுநீரில் அகப்படுவதில்லை.

நம் நாட்டு மைதானத்துக்குத் திரும்புவோம். ஈழத்தின் முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1958இல் டோக்கியோவில், யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து பெற்றது. அக்காலத்தில் பாய்ந்து விழுவோரைத் தாங்க இன்றைய பஞ்சு மெத்தைகள் இல்லை; மணலும் மரத்தூளுந்தான். அத்தனை உயரத்திலிருந்து மணலில் விழுந்து விழுந்து பயின்ற தேகங்களை நினைக்கும்போது, எனக்கு என் கணுக்காலும் அந்த ஓர் இழுப்பும் ஞாபகத்துக்கு வராமற்போவதில்லை.

புக்கை அவிழ்த்த பிறகு வைத்தியர் சொன்னபடி, மாமா என்னைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிச் சென்றார். இராவணன் கதையோடு சேர்ந்த அந்த ஏழு கிணறுகளும் சூட்டில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஒரு பக்கத்தில் இறந்தவருக்குக் கிரியை செய்ய வந்தோர் மௌனமாய் நிற்க, மறுபக்கத்தில் முந்தின நாள் பந்தாடிய வாலிபர் சிலர் வாளியால் மொண்டு கெண்டைக்காலில் ஊற்றிக்கொண்டு தோற்றதற்கான காரணங்களை உரக்க வாதித்துக்கொண்டிருந்தார்கள். விறாந்தையிலே கண்ட நாட்டாமையும் வந்திருந்தார். நிமிர்ந்துதான் நின்றார். மாமா என் தலையில் ஊற்றிய முதல் வாளி தாங்கமுடியாத சூடாயிருந்தது. நான் குதித்தபோதுதான் எந்தக் காலில் குதித்தேன் என்று இருவரும் கவனித்தோம்.