யார் செய்து கொடுத்தது?

நான் கணினியில் இசை நிகழ்த்துகிறவள். தொட்டால் ஒரு விதமாகவும் அழுத்தினால் வேறு விதமாகவும் ஒலிக்கும் சிறிய பலகை ஒன்றை மடியில் வைத்து வாசிப்பேன். நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது வந்து கேட்பார்கள்: "இதை உங்களுக்கு யார் செஞ்சு கொடுத்தாங்க?" அதே மேடையில் வாசித்த ஆணிடம் அவர்கள் கேட்பது, "இது எப்படி வேலை செய்யுது?" பல வருடங்கள் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு என்பது பிறகுதான் புரிந்தது.

ரஷ்ய இயற்பியலாளர் லெவ் தெரமின் 1920 வாக்கில் ஒரு மின்னணு இசைக்கருவியைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது தெரமின் எனப்படுகிறது. அதைத் தொடாமல் வாசிக்க வேண்டும். நிமிர்ந்த ஆன்டெனாவை ஒரு கை நெருங்கினால் சுருதி ஏறும். வளைந்த ஆன்டெனாவை மறு கை நெருங்கினால் ஒலி அடங்கும். பிடித்துக்கொள்ளத் தந்தியோ கட்டையோ கிடையாது. அதனால் பலரது கையில் சுருதி வழுக்கிக்கொண்டே போனது.

1911இல் வில்னியஸில் பிறந்த கிளாரா ராக்மோர் வயலின் கலைஞர். கையில் ஏற்பட்ட கோளாறால் வயலினை விட நேர்ந்தது, தெரமினுக்கு வந்தார். காற்றில் விரல்களை மடக்கி நீட்டி ஸ்வரங்களைப் பிடிக்கும் முறையைத் தானே வகுத்தார். கருவியையும் மாற்றச் சொன்னார். ஸ்தாயி மூன்று போதாது, ஐந்து வேண்டும். ஒலி சட்டென்று நின்று சட்டென்று எழ வேண்டும். பெட்டி தன்னை மறைக்காதபடி உயரம் குறைய வேண்டும். தெரமின் அப்படியே செய்து கொடுத்தார். செய்து கொடுத்தவர் அவர்தான், மறுக்கவில்லை. என்ன குறைகிறது என்று கண்டுபிடித்தது கிளாராவின் கை. வரலாறு அவரைக் 'கண்டுபிடிப்பாளர்' வரிசையில் சேர்க்கவில்லை. 'மிகச் சிறந்த வாசிப்பாளர்' என்று பாராட்டி நிறுத்திக்கொண்டது.

அடுத்த கதை ஒரு கையுறையுடையது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழும் லெட்டீசியா சோனாமி, 1991இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நிகழ்த்துவதற்காக பால் டிமரினிஸுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். மெய்நிகர் உலகத்துக்கென்று கனத்த, ஆண்மை மிடுக்குள்ள கையுறைகள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றைக் கேலி செய்வதுபோல் சோனாமி எடுத்துக்கொண்டது பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை! விரல் நுனிகளில் காந்தப்புலத்தை உணரும் சென்சார்கள். மறு கையில் ஒரு காந்தம். விரல் காந்தத்தை நெருங்க நெருங்க மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் கணினிக்குப் போய் ஒலியை மாற்றும். பின்னால் வந்த வடிவங்களில் மெல்லிய வலைத்துணி முழங்கைவரை ஏறியது. அவற்றில் ஒன்றை நெதர்லாந்தில் பெர்ட் பொங்கர்ஸ் கட்டினார். 'லேடிஸ் க்ளவ்' என்ற பெயரை மட்டும் சோனாமி கடைசிவரை மாற்றவில்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை வாசித்துவிட்டுக் கழற்றி வைத்தார். அடுத்து, சுருள்கம்பிகளைத் தடவியும் தட்டியும் வாசிக்கும் 'ஸ்ப்ரிங் ஸ்பையர்' வந்தது. அதற்குத் துணை நின்றது ரெபெக்கா ஃபீப்ரிங்க் எழுதிய 'வெக்கினேட்டர்' என்ற மென்பொருள். இந்த அசைவுக்கு இந்த ஒலி என்று சில உதாரணங்களை வாசித்துக் காட்டினால் போதும், கணினி கற்றுக்கொள்ளும். கையின் அறிவைச் சமன்பாடாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

எந்தக் கருவியும் தனி ஒருவரால் உருவாவதில்லை. சாலிடரிங் இரும்பைப் பிடித்தவர், நிரலை எழுதியவர், வாசித்து வாசித்துக் குறை கண்டவர் எல்லாருக்கும் அதில் பங்குண்டு. ஆணின் கருவியில் இந்தக் கூட்டு கண்ணில் படுவதில்லை. பெண்ணின் கருவியில் அது மட்டுமே கண்ணில் படுகிறது.

இப்போதெல்லாம் நான் மழுப்புவதில்லை. "பலகை கடையில் வாங்கினது. எந்த விரல் என்ன செய்யணும்னு எழுதினது நான். உட்காருங்க, காட்டுறேன்" என்கிறேன். சிலர் நழுவிவிடுகிறார்கள். கல்லூரிப் பெண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதலில் தங்கள் கையை நீட்டுகிறார்கள்.