இக்னிஷன் டைமிங்: மாற்றியமைத்த எஞ்சினும் போடிமெட்டு ஏற்றமும்

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை பாகை இருக்கும்போது பிளக் பொறி விடுகிறது என்ற கணக்கே இக்னிஷன் டைமிங். பழைய வில்லிஸ் வகை பெட்ரோல் ஜீப்புக்குக் கம்பெனி சொன்ன அளவு 5 பாகை. ஹெட்டை ஃபேஸிங் போட்டாலோ, கேம் ஷாஃப்டை மாற்றினாலோ, எல்பிஜி பொருத்தினாலோ அந்த எண் தொடக்கம் மட்டுமே. ஃபேஸிங் போட்ட ஹெட்டில் அழுத்தம் கூடிக் கலவை விரைந்து எரியும். அதனால் அட்வான்ஸை, அதாவது பொறி உச்சிக்கு முந்தும் பாகையை, குறைக்க வேண்டும். கம்பம், போடி பக்கத்து ஏலத்தோட்ட ஜீப்புகளில் பெரும்பாலானவை டீசல். அவற்றில் பொறியே இல்லை. பம்ப் டைமிங் தனிக் கதை.

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 1,300 மீட்டருக்கு மேல் போடிமெட்டு. அங்கே காற்றழுத்தம் அடிவாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றில் கலவை மெதுவாக எரிவதால், அட்வான்ஸ் கூடுதலாக இருந்தாலும் எஞ்சின் தட்டாது (நாக் அடிக்காது). மலைமேல் காதால் கேட்டு வைத்த டைமிங்கை நம்பக் கூடாது. வெயில், அடர்ந்த காற்று, முழுச் சுமை, குறைந்த ஆர்பிஎம் நான்கும் சேர்வது முந்தலுக்கு மேலே முதல் சில வளைவுகளில்தான். குமுளி சாலையில் என்றால் லோயர் கேம்ப்புக்கு மேலே. தட்டல் அங்கே வந்து நீடித்தால் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் போகும். பயந்து அளவுக்கு மீறிக் குறைத்தாலும் கேடுதான்: இழுவை விழும், எக்ஸாஸ்ட் பழுக்கும், ரேடியேட்டர் கொதிக்கும்.

டைமிங் வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி. அது மாறினால் டைமிங்கும் மாறும். அடுத்து புல்லிக் குறியே சரியா என்பது. புல்லியோ ஃபிளைவீலோ மாறிய எஞ்சினில் குறி பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிளக் துளையில் ஸ்டாப்பரைத் திருகி, கிராங்கைக் கையால் இரு திசையிலும் பிஸ்டன் அதில் முட்டும்வரை சுற்றிக் குறியிட்டால், இரண்டுக்கும் நடுவே உண்மையான உச்சி. பிறகு எஞ்சினைச் சூடாக்கி, வாக்குவம் ஹோஸ் இருந்தால் கழற்றி அடைத்து, ஐடிலிங்கில் டைமிங் லைட் பிடித்து டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பலாம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 3,000 ஆர்பிஎம்மில் மொத்த அட்வான்ஸையும் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அங்கேதான் தெரியும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதில் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டைமிங்கைத் தீர்மானிக்கும் எஞ்சினில், லேப்டாப் காட்டும் பாகையும் லைட் காட்டும் பாகையும் ஒத்துப்போகாவிட்டால் டைமிங் மேப்பில் கை வைப்பது வீண்.

ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் தட்டினால், இரண்டு பாகை குறைத்து வண்டியை மறுபடி ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இறங்கி வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் நட்டை இறுக்கி, லைட்டில் இன்னொரு முறை பார்க்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.