அண்மையும் துணைமையும்

வடசென்னையின் இராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை கடலையொட்டி நடந்து செல்பவர், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளையும், ஒரே லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் மகளிரையும், ஒரே ஷிப்டில் ஆலைக்குள் நுழையும் ஆடவரையும் கண்டு, இவ்விடத்தில் ஒருவருடைய துக்கம் அடுத்தவருக்குத் தெரியாமல் இருத்தல் அசாத்தியம் என்றே எண்ணுவார். ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும் இதே தெருக்களில், மனவேதனை பொறுக்கமாட்டாமல் தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் வழக்கம் ஆண்டுக்கணக்கில் எவருக்கும் தெரியாமல் ஒளிந்திருக்க முடிகிறது. இம்முரண்பாட்டை விளக்காமல், ஒத்த துயருற்றார் ஒருவருக்கொருவர் துணையாதல் என்னும் முறையைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

தன்னைத்தான் வருத்திக்கொள்வோர் அனைவரும் சாக விரும்புபவர் அல்லர். சொல்லில் அடங்காத வேதனையைக் கணநேரம் தணிக்கவும், மரத்துப்போன மனத்தில் ஏதேனும் ஓர் உணர்ச்சியை எழுப்பவும், தம்மீதே கொண்ட கோபத்தைத் தீர்க்கவும் அவர்கள் அவ்வாறு செய்கின்றனர். தணிந்த கணத்தை அடுத்து அவமானம் வருகிறது. அவமானம் மறைக்கச் செய்கிறது. மறைத்தல் தனிமையை மிகுவிக்கிறது. தனிமை பழைய வேதனைக்கே மீண்டும் கொண்டு சேர்க்கிறது. இதனைப் பிறர் கவனத்தை ஈர்க்கும் நாடகம் என்று கூறும் அபிப்பிராயம் பிழையானது மட்டுமன்று, கொடியதுமாகும். ஏனெனில் அவர்களுள் மிகப் பலர் அரும்பாடுபட்டு மறைப்பதே அதைத்தான். 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 19,834 பேர் என்றும், நாடு முழுவதும் அவ்வாறு இறந்தோருள் கால்பங்குக்கு மேற்பட்டோர் தினக்கூலிகள் என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டுள்ளது. காயத்தை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உயிரோடிருப்பவருக்கு அக்கணக்கில் இடமில்லை.

கூடித் துயராற்றும் மரபு இப்பகுதிக்குப் புதியதன்று. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெரம்பூரில் மதராஸ் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, ஆலைத் தொழிலாளரின் குறைகள் ஒன்றுசேர்ந்து பேசப்பட்டன. இழவு வீட்டில் பெண்கள் வட்டமாய் அமர்ந்து, ஒருத்தி தோள்மேல் ஒருத்தி கையிட்டு ஒப்பாரி சொல்லும்போது, இறந்தவரைச் சாக்காக வைத்துத் தத்தம் வாழ்வின் துயரங்களையும் சேர்த்தே அழுது தீர்க்கின்றனர். இதைவிடத் தேர்ந்த துயராற்றும் கலை வேறெங்கேனும் உண்டோ என்று நான் பலமுறை வியந்ததுண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு கழிமுகத்தில் பரவி வலையும் படகும் கறுத்தபோதும், எண்ணூர்க் குப்பத்து மக்கள் ஒன்றாகவே நின்று நியாயம் கேட்டனர். ஆனால் இவையனைத்தும் வெளியிலிருந்து வந்த துன்பங்கள். அவற்றைச் சொல்வதில் இழிவில்லை. தன் கையே தன் உடம்பைப் புண்படுத்திய துன்பத்துக்கோ ஒப்பாரியில் அடியில்லை, சங்கத்தில் தீர்மானமில்லை. ‘மனசு பாரமா கீது’ என்று சொல்லும் பெண்கூட அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். ‘நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க’ என்ற அச்சம் நாவைக் கட்டிவிடுகிறது. அந்த நாலு பேர் சுவருக்கு அப்பால்தான் இருக்கின்றனர். ஆகவே அண்மை வேறு, துணைமை வேறு. நியதியற்ற அண்மை சில சமயங்களில் துணைமைக்குப் பகையாகவே நிற்கிறது என்பது என் துணிபு.

சட்டமும் இவ்வச்சத்தை வளர்த்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்துக்கு உட்பட்டவராகக் கருத வேண்டுமென விதித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தொகுப்பில் அப்பிரிவே இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் மட்டும் சட்டம் போன வேகத்தில் போய்விடாது.

பயின்ற சாதாரண மக்களின் துணையால் பயனுண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் லக்ஷ்மி விஜயகுமார் 1986இல் நிறுவிய ‘ஸ்நேகா’ மையத்தில், துயருற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் செவிமடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வத் தொண்டர்களே. சுனாமியில் உற்றாரை இழந்த சென்னைக் கடற்கரை மக்களிடையே பயிற்சி பெற்ற தொண்டர்கள் பழகிவந்ததில், ஓராண்டின் பின் அத்துணை பெற்றவர்களின் மனச்சோர்வு பெறாதவர்களினதைக் காட்டிலும் குறைந்திருக்கக் கண்டனர். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியில், ஒரு மணிநேர உரையாடலும் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நலவிசாரிப்பும் பெற்றவருள் தற்கொலையால் இறந்தோர் நூற்றுக்கு 0.2 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவருள் 2.2 பேர். அங்கே விசாரித்தவர்கள் மருத்துவத்துறைப் பழக்கமுடையோர் ஆதலின், இதனை ஒத்தார் துணைக்கு நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் தகாது; விடாத தொடர்பே மருந்தாகிறது என்ற அளவுக்கு மட்டும் அதைக் கொள்ளலாம்.

நமக்கு மிக அணுக்கமான சான்று, தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் முகாம்களில் நடந்து 2017இல் வெளியான ஆராய்ச்சியே. அங்கே தொண்டர்கள் அகதிகளிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் குறித்த காலங்களில் சென்று பேசினர்; தம் மனம் தடுமாறுவதற்கு முன் தோன்றும் அறிகுறிகள் யாவை, அப்போது எது தமக்கு ஆறுதல் தரும், எவரை அழைக்கலாம் என்பனவற்றைத் துயருற்றவரே ஓர் அட்டையில் குறித்து வைத்துக்கொள்ளத் துணைசெய்தனர். இம்முறை நடைபெறாத முகாமோடு ஒப்பிடுகையில் உயிர்மாய்ப்பு முயற்சிகளும் மரணங்களும் குறைந்தன. முகாமும் நெருக்கமானதுதான், அங்கும் சுவர்கள் மெல்லியவைதான். அங்கே அண்மையைத் துணைமையாக மாற்றியது பயிற்சி.

அப்பயிற்சியில் முதலாவது இரகசியம். கேட்டதைக் குழாயடிக்குக் கொண்டுபோகாத ஒருத்தி கிடைப்பாளாயின், அவளிடம் சொல்லப்படாதது ஒன்றுமிராது. உயிருக்கு ஆபத்து நெருங்கும்போது மட்டுமே அந்த இரகசியம் தளரலாம் என்பதையும், சொல்பவரிடம் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுதல் வேண்டும். இரண்டாவது, உபதேசத்தை அடக்குதல். ‘குழந்தைங்களை நெனச்சுப் பாரு’ என்பது அன்பினால் கூறப்படினும், ஏற்கெனவே குற்றவுணர்வில் மூழ்கியவர் தலையில் மற்றொரு கல்லை வைப்பதாகும். மூன்றாவது, தன் கதையை அளவறிந்து சொல்லுதல்: நானும் அந்த இருட்டில் இருந்தேன் என்ற ஒரு வாக்கியம் மலையளவு பலம் தரும்; காயத்தின் விவரமும் செய்த விதமும் எக்காலத்தும் வேண்டாதவை.

துயருற்றோர் கூடினால் துயர் தொற்றாதோ என்ற ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. செய்த விதத்தைப் பேசும் கூட்டத்தில், சிறப்பாக இளைஞரிடையே, அது தொற்றவே செய்யும். ஆறிய விதத்தைப் பேசும் கூட்டம் அதனின்றும் வேறுபட்டது. படிப்பு குறைந்தோர் இதைச் செய்ய வல்லரோ என்பார்க்கு, ஜிம்பாப்வே நாட்டு ஹராரே நகரின் தொழிலாளர் குடியிருப்பாகிய ம்பாரேயில் மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா 2006இல் பதினான்கு பாட்டிமாரைக் கொண்டு தொடங்கிய ‘நட்பு இருக்கை’ என்னும் துயர்கேட்கும் திட்டத்தைச் சுட்டலாம். மருத்துவம் வேண்டியவரை மருத்துவரிடம் அனுப்புதலும் துணையின் கடமையே. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசத்தக்க 14416 என்ற அரசாங்கத் தொலைபேசியும் துணை நிற்போர் நாவில் இருத்தல் வேண்டும். துணை நிற்பவரும் களைத்துப் போவர். அவர் சொல்வதைக் கேட்க மற்றொருவர் அமர்த்தப்படாத திட்டம் ஓராண்டு தாங்காது.

வடசென்னையில் இதனைத் தொடங்குவோர்க்குப் புதிய கட்டடங்கள் தேவையில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உண்டு. தொழிற்சங்க அலுவலகங்கள் உண்டு. மீன்விற்கும் பெண்கள் கூடை இறக்கி இளைப்பாறும் பிற்பகல்வேளையும், ஷிப்டு மாறும் நேரமும் உண்டு. இவற்றுக்கிடையே தாழிடக்கூடிய ஒரு சிறு அறையும், பேச்சு பக்கத்துச் சுவரைக் கடவாதவாறு அதனுள் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளும் முதலில் வேண்டும்.