பள்ளி விளையாட்டில் ஊடகப் பேச்சுக் கட்டுப்பாடு

பள்ளி அணிகளின் பயிற்சியாளர்களும் மாணவ வீரர்களும் செய்தியாளர்களிடம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் சட்டங்களையும் பணி விதிகளையும் எழுதாத வழக்கங்களையும் ஊடகப் பேச்சுக் கட்டுப்பாடு என்பது குறிக்கும். தமிழ்நாட்டில் இந்தக் கட்டுப்பாடு ஒரே ஆணையிலிருந்து வருவதில்லை. அரசு ஊழியர் நடத்தை விதி, குழந்தைப் பாதுகாப்புச் சட்டம், பள்ளி நிர்வாகத்தின் வாய்மொழி உத்தரவு, அணித் தேர்வைப் பற்றிய அச்சம் ஆகியவை ஒன்றுசேர்ந்தே ஒருவரை மௌனமாக்குகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை அதை விளக்குகிறது.

களமும் செய்தியும்

நூற்பாலைகளின் ஊரான ராஜபாளையத்திலும், ஆண்டாள் கோயிலாலும் மாவட்ட நீதிமன்றத்தாலும் அறியப்படும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள், தனியார் பள்ளிகள் என மூன்று வகையும் உண்டு. இவற்றின் அணிகள் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் குறுவட்ட அளவில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மேலேறுகின்றன. அதற்கு மேலே, 1954இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகள் இருக்கின்றன. அணியைப் பழக்குபவர் உடற்கல்வி ஆசிரியர் அல்லது உடற்கல்வி இயக்குநர். பிள்ளைகளுக்கு இருவரும் ‘பி.டி. சார்’தான்.

இந்தப் போட்டிகள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் சில வரிச் செய்தியாக வருகின்றன. அதன் வடிவம் வாசகர்கள் நன்கறிந்தது: எந்தப் பள்ளி, எந்தப் பிரிவில், எந்த இடம், பிறகு வெற்றி பெற்ற மாணவர்களையும் பயிற்சியளித்த உடற்கல்வி ஆசிரியரையும் பள்ளிச் செயலர், தலைமையாசிரியர், ஆசிரியர்கள் பாராட்டினர் என்று ஒரு வரி. பாராட்டியவர்களின் பெயர்கள் இருக்கும். விளையாடிய பிள்ளை சொன்னது ஒரு வாக்கியம்கூட இருக்காது. பெரும்பாலும் பள்ளியே எழுதி அனுப்பும் குறிப்பு அது. பகுதிநேரச் செய்தியாளர் மைதானத்துக்கு வந்து மாணவியிடம் நேரில் கேட்பது அரிது. ஆகவே இங்கே யாரும் தடுக்கத் தேவையில்லாமலே பேச்சு நின்றுபோகிறது. கட்டுப்பாட்டின் மிகப் பெரிய பகுதி இதுதான். எந்த விதிநூலிலும் இது கிடையாது.

ஆசிரியர் மீதான விதிகள்

அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர். அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ ஊடகங்களில் விமர்சிப்பதையும், அலுவல் சார்ந்த தகவலை அனுமதியின்றி வெளியிடுவதையும் அவை தடுக்கின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு விதிகளில் 8, 9, 11 ஆகியவை இதே வேலையைச் செய்கின்றன. உதவி பெறும் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் பணிபுரிபவரைக் கட்டுப்படுத்துபவை 2018ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் நிர்வாகத்தின் பணி நிபந்தனைகளும்.

‘எங்கள் பையன்கள் நன்றாக ஆடினார்கள்’ என்று சொல்வதற்கு இவை எதுவும் குறுக்கே வருவதில்லை. சிக்கல் அடுத்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. மைதானம் இல்லை, பந்து வாங்கப் பணம் வரவில்லை, பயணப்படி கிடைக்கவில்லை, நடுவர் ஒருசார்பாக நடந்துகொண்டார், வயதை மறைத்து ஆள் இறக்கினார்கள் என்று எதைச் சொன்னாலும் அது துறை மீதான விமர்சனமாகப் படிக்கப்படலாம். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தால் ஊதிய உயர்வு நிறுத்தம் வரை அது தொடரும். இடமாறுதல் ஒன்றே போதும், பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அணி கலைந்துபோக. ஒரு பயிற்சியாளரை இதைவிட ஆழமாகத் தண்டிக்க வேறு வழியில்லை.

நீதிமன்றங்கள் இவ்விஷயத்தில் ஒரே திசையில் நடந்ததில்லை. அரசு வேலையில் சேர்ந்ததால் ஒருவர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் கூறி, பீகார் அரசின் நடத்தை விதி ஒன்றில் ஆர்ப்பாட்டங்களை முழுவதுமாகத் தடுத்த பகுதியைச் செல்லாதாக்கியது. ஆனால் 1998இல் தேவேந்திரப்பா வழக்கில், நிறுவனத்தின் தலைமையைக் குறைகூறி ஆளுநருக்குக் கடிதம் எழுதி, பத்திரிகை அறிக்கையும் விட்ட கர்நாடக அரசு நிறுவன ஊழியரின் பணிநீக்கத்தை அதே நீதிமன்றம் ஏற்றது. 2020இல் லிபிகா பால் வழக்கில், அரசு ஊழியருக்கும் தம் கருத்தை வைத்திருக்கவும் வெளியிடவும் உரிமை உண்டு என்று திரிபுரா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடற்கல்வி ஆசிரியர் இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறார். வழக்காடி வெல்லலாம் என்ற நம்பிக்கையில் வாயைத் திறக்க மாதச் சம்பளக்காரர் எவருக்கும் துணிவு வருவதில்லை.

மாணவரின் பேச்சு

மாணவர் அரசு ஊழியர் அல்லர். நடத்தை விதி அவரைத் தொடாது. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை பள்ளிச் சீருடைக்குள்ளும் உண்டு. கேரளத்தில் தேசியப் பண் பாடாமல் மரியாதையாக நின்றதற்காக நீக்கப்பட்ட மூன்று குழந்தைகளை மீண்டும் சேர்க்கச் சொன்ன பிஜோ இம்மானுவேல் வழக்கு (1986) பள்ளிப் பிள்ளைகளின் இந்த உரிமையை ஏற்றது. அந்த வழக்கு பேசாமல் இருக்கும் உரிமையைப் பற்றியது. பேச விரும்பும் பிள்ளையின் நிலை வேறு.

அவரைக் கட்டுப்படுத்துவது தேர்வுப் பட்டியல். மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ்கள் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் வழி திறக்கின்றன; தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. நெசவு, ஆலை வேலை, தீப்பெட்டித் தொழில் என்று வாழும் குடும்பத்தின் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழின் மதிப்பு மிகப் பெரியது. அதைத் தரும் கைகளைப் பற்றிக் குறை சொல்லாதே என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.

இந்த மௌனத்தின் விலையை ஒரு நிகழ்வு காட்டியது. 2023 ஜூனில், தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் அனுப்பப்படாதது நாளிதழ்களில் வெளியாகி, அரசியல் கட்சிகளின் கண்டனமாக வளர்ந்தது. அதன் பிறகே துறை விளக்கம் அளித்தது. அதிகாரி மீது நடவடிக்கையும் வந்தது. இப்படியொரு தவறு வெளியே தெரியாமலே போயிருந்தால் இழப்பு முழுவதும் பிள்ளைகளோடு முடிந்திருக்கும்.

பாதுகாப்புக்கான தடை

கட்டுப்பாடுகளில் ஒரு வகை அவசியமானது. அதை முந்தையவற்றோடு சேர்க்கக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, குற்றத்தால் பாதிக்கப்பட்ட, சாட்சியான, சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையின் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் குழந்தையின் அடையாளத்தை மறைக்கச் சொல்கிறது. இம்மாவட்டத்தின் போக்சோ வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால், உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கு இவை அன்றாடம் கைக்கொள்ள வேண்டிய விதிகள். சிற்றூர்களில் பள்ளியின் பெயரும் விளையாட்டும் தெரிந்தாலே பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

ஆனால் இதே சட்டங்களைக் காட்டிப் புகாரையே அடக்க முடியாது. போக்சோவின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு, நிறுவனத் தலைவருக்கு அது கூடுதல். 2021 மே மாதம் சென்னையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் சொன்னவை வழக்காயின. அதே மாதத்தில் அங்கே தடகளப் பயிற்சியாளர் ஒருவரும் போக்சோவில் கைதானார். பிள்ளையின் பெயரை மறைப்பதும் பயிற்சியாளரின் செயலை மறைப்பதும் ஒன்றல்ல. ‘பள்ளியின் நற்பெயர்’ என்ற சொல்லால் இரண்டையும் ஒன்றாக்கும் நிர்வாகம் சட்டத்தையே மீறுகிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் இவ்விஷயம் நேரடியாகவே நீதிமன்றம் ஏறியது. படிப்புக்கும் விளையாட்டுக்கும் பள்ளி வாரியம் பணம் ஒதுக்கிய விதத்தைக் குறைகூறி உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வேலையிழந்த இல்லினாய் ஆசிரியர் பிக்கரிங்குக்கு 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீதி வழங்கியது. கார்செட்டி வழக்கில் (2006) அலுவல் கடமையாகச் சொன்ன சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லையென்று அதே நீதிமன்றம் எல்லையைக் குறுக்கியது. பள்ளியின் முதன்மை உற்சாகமூட்டும் (சியர்லீடிங்) அணியில் இடம் கிடைக்காத பென்சில்வேனியா மாணவி ஒருவர் பள்ளிக்கு வெளியே சமூக ஊடகத்தில் கொட்டிய கோபத்துக்காக, அவரை இரண்டாம் நிலை அணியிலிருந்து இடைநீக்கியது தவறென்று 2021இல் தீர்ப்பு வந்தது.

புகார் வழிகள்

தமிழ்நாட்டில் மாணவர்கள் 1098, 14417 ஆகிய எண்களில் புகார் சொல்லலாம். பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டிகளும் வைக்கப்பட்டன. இந்தியாவின் விளையாட்டுச் சங்கங்களுக்காக இயற்றப்பட்ட தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், 2025 பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையையும் வீரர்கள் குழுவையும் வலியுறுத்துகிறது. அணித் தேர்வில் அநீதி, உபகரணமின்மை போன்ற குறைகளை உடற்கல்வி ஆசிரியர் தலைமையாசிரியர் வழியாக விருதுநகரிலுள்ள முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். பதில் வராதபோது அதே கடிதத்தின் நகலைச் செய்தியாளரிடம் கொடுத்தால், நடத்தை விதி மீண்டும் அவர் முன் வந்து நிற்கிறது.